கறைக்கு ஓரம் வந்த கதை

கண்ணாடிப் பேழைக்கு முன்னால் நின்ற அந்த அம்மா இரண்டு வரி படித்தார். அடுத்த பேழைக்கு நகர்ந்து ஒரு வரி படித்தார். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்து, "படமெல்லாம் உள்ளே இருக்காப்பா?" என்று கேட்டார். உள்ளே என்று ஒன்று இல்லை. அந்த அறை மட்டும்தான். ஆறு பேழைகள், அவற்றுக்குள் வெள்ளத்தில் நனைந்த ஆவணங்களின் நகல்கள், சுவரில் பொடி எழுத்தில் நானூறு சொல் குறிப்பு, மூலையில் ஹெட்ஃபோனோடு ஒரு சின்னத் திரை. பதினெட்டு மாத உழைப்பு. "இதுதாம்மா" என்றேன். "ஓ, சரிப்பா" என்று மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. சமகாலக் கலை யாருக்குமே புரிவதில்லை என்று நண்பர்களிடம் புலம்பித் தீர்த்தேன். அந்தக் கண்காட்சிக்குக் கிடைத்த ஒரே உருப்படியான விமர்சனம் அவருடைய கேள்விதான் என்று ஒப்புக்கொள்ள ஒரு வருடம் ஆயிற்று. படித்திருந்தேன், தேடியிருந்தேன், குறிப்பெடுத்திருந்தேன். கடைசியில் அந்தத் தாள்களை அப்படியே அறையில் பரப்பிவிட்டு, அவற்றைக் கோத்துப் பார்க்கிற வேலையை வருகிறவர் தலையில் கட்டியிருந்தேன்.

நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் நடத்தி 2001இல் வெளியான ஓர் ஆய்வை அப்புறம்தான் படித்தேன். பேர்போன ஓவியங்களுக்கு முன்னால் பார்வையாளர்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று அளந்திருக்கிறார்கள். சராசரி 27 விநாடி சொச்சம். அதுகூட நீண்ட நேரம் நின்ற சிலரால் ஏறிய கணக்கு. பாதிப் பார்வைகள் 17 விநாடிக்குள் முடிந்துவிட்டன, பக்கத்தில் இருக்கும் குறிப்பைப் படிக்கிற நேரத்தையும் சேர்த்து. உலகம் கொண்டாடும் ஓவியத்துக்கே இவ்வளவுதான் என்றால், என் நகல் தாள்களுக்கு ஒரு மனிதர் நாற்பது நிமிடம் ஒதுக்குவார் என்று நான் எந்த நம்பிக்கையில் இருந்தேன்?

என் வேலையைக் கலைவழி ஆய்வு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சொல்லில் இருக்கும் 'வழி'யை நான் கவனிக்காமல் போனதுதான் பிரச்சினை. லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் இருந்த கிறிஸ்டோபர் ஃப்ரேலிங் 1993இல் எழுதிய ஒரு சின்னக் கட்டுரையில் மூன்றாகப் பிரித்தார்: கலையைப் பற்றிய ஆய்வு, கலைக்கான ஆய்வு, கலை வழியாகச் செய்யும் ஆய்வு. முதலாவது கலை வரலாற்றாசிரியரின் வேலை. இரண்டாவதை எல்லாக் கலைஞரும் எப்போதும் செய்கிறார்கள், குதிரையை வரைகிறவர் லாயத்தில் போய் நின்று பார்ப்பது மாதிரி. மூன்றாவதில்தான் சிக்கல். அங்கே செய்து பார்ப்பதுதான் யோசிப்பது. கையை எடுத்துவிட்டால் யோசனையும் நின்றுவிடும். நான் முதல் இரண்டையும் நன்றாகச் செய்துவிட்டு மூன்றாவதைச் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேர்தான் புதிது. ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821லும் 1822லும் வானத்தை மட்டும் டஜன் டஜனாக வரைந்தார். பல படங்களின் பின்பக்கத்தில் தேதி, நேரம், காற்றடித்த திசை எல்லாம் எழுதி வைத்திருக்கிறார். விற்பதற்காக வரைந்த படங்கள் இல்லை அவை. மேகம் எப்படி நகர்கிறது என்பதைத் தூரிகையை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். பாரிஸில் கோபெலின் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்ட வேதியியலாளர் ஷெவ்ரோலின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். கறுப்புச் சாயம் சோகையாக இருக்கிறது என்று புகார். அவர் சாயத்தைச் சோதித்தார், சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும் சேர்ந்துதான் கண்ணில் கறுப்பை மங்கலாக்கின. அந்த ஒரு புகாரைப் பிடித்துக்கொண்டு போய் 1839இல் வண்ணங்களின் முரண் பற்றிப் பெரிய நூலே போட்டார். அதைப் பிற்பாடு சுரா போன்ற ஓவியர்கள் விழுந்து விழுந்து படித்தார்கள். எங்கே கோளாறு என்று நினைத்தோமோ அங்கே அது இருக்கவில்லை. இந்த மாதிரித் திருப்பம் எதுவும் நடக்காவிட்டால் அதை ஆய்வு என்று சொல்ல எனக்கு இப்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

இடையில் கலைவழி ஆய்வு பல்கலைக்கழக விவகாரமாக மாறியது தனிக் கதை. 1999இல் ஐரோப்பிய நாடுகளின் பட்டப்படிப்புகளை ஒரே மாதிரி ஆக்கப் போட்ட போலோன்யா பிரகடனம் வந்ததும் ஐரோப்பியக் கலைக் கல்லூரிகள் ஒவ்வொன்றாகப் பட்டப்படிப்புச் சட்டகத்துக்குள் நுழைந்தன. ஓவியருக்கும் முனைவர் பட்டம் வந்தது. 2011இல் இதற்கென்றே ஓர் ஆய்விதழ், 2020இல் கலைவழி ஆய்வுக்கு அங்கீகாரம் கேட்டு வியன்னா பிரகடனம். நல்லதும் நடந்திருக்கிறது. அந்த ஆய்விதழில் கட்டுரை என்றால் வெறும் எழுத்து இல்லை. ஒலி, படம், காணொளி எல்லாவற்றையும் பக்கத்தில் நீங்களே இடம் பார்த்துப் பரப்பலாம், அந்தப் பரப்புதலே வாதமாக எடுத்துக்கொள்ளப்படும். ஆனால் கூடவே படிவங்களும் வந்துவிட்டன. ஆய்வுக் கேள்வி என்ன, முறையியல் என்ன, எதிர்பார்க்கும் முடிவுகள் என்னென்ன. ஒரு நிதிநல்கைக்கு விண்ணப்பித்தபோது, இன்னும் தாளைக்கூடத் தொடாத வேலைக்கு 'எதிர்பார்க்கும் முடிவுகள்' மூன்றை வரிசை எண் போட்டு எழுதினேன். நிதி கிடைத்தது. அதுதான் வினை. அடுத்த பதினெட்டு மாதமும் அந்த மூன்று முடிவுகளை நிரூபிக்கவே ஓடினேன். நிரூபித்தும் விட்டேன். ஆறு பேழை நிறைய.

அந்தத் திட்டத்தின் விஷயம் தாளில் விழும் நீர்க்கறை. கூரை ஒழுகி என் பழைய கோட்டோவியக் கட்டு நனைந்ததில் ஆரம்பித்தது. காய்ந்த பிறகு பார்த்தால் நனைந்த இடத்தின் நடுப்பகுதி ஏறக்குறைய சுத்தமாக இருக்கிறது, ஓரத்தில் மட்டும் பழுப்புக் கோடு, ஏதோ வரைபடத்தில் கடற்கரை வரைந்த மாதிரி. முதல் சுற்றில் நான் செய்ததெல்லாம் வெள்ளத்தில் நனைந்த ஆவணங்களைப் பற்றி வாசித்ததும், நகல்கள் வாங்கியதும், நினைவு, இழப்பு, மறதி என்று பெரிய பெரிய சொற்களில் குறிப்பு எழுதியதும்தான். பதினெட்டு மாதத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரைத் தாளில் விட்டுப் பார்த்திருக்கிறேனா என்றால், இல்லை. இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது, அப்போது அது விசித்திரமாகவே படவில்லை.

தோற்ற பிறகு எந்த நிதியும் இல்லாமல் திரும்ப ஆரம்பித்தேன். ஒரு சொட்டுக்குழல், பல வகைத் தாள்கள், ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, நேரம், தாள், எத்தனை சொட்டு, காய எடுத்த நேரம். முதல் இரண்டு மாதம் வேறு எதுவும் செய்யவில்லை. செய்தித்தாளில் கோடு ஒரே நாளில் பழுப்பாக வந்துவிடுகிறது, மரத்தை இறுக்கிப் பிடிக்கும் லிக்னின் என்ற பொருள் மரக்கூழில் சிதைந்து உண்டாகும், நீரில் கரையக்கூடிய கழிவுகள் அதில் அதிகம். நல்ல பருத்தித் தாளில் ஒன்றுமே தெரியவில்லை. அசிங்கமாக இருக்கிறதே என்று ஒரு கறையை இன்னொரு முறை நனைத்துக் கழுவப் பார்த்தேன். பழைய கோடு கரைந்து நகர்ந்து புதிய ஓரத்தில் போய்ப் படிந்தது. கறையை அழிக்கப் போனவன் பெரிய கறையோடு திரும்பி வந்தேன். தாள் பராமரிப்பாளர்களுக்கு இது அரிச்சுவடி. எனக்கு என் விரல் நுனியில் அன்றைக்குத்தான் தெரிந்தது. நோட்டில் அந்தப் பக்கத்தை இன்னும் அடிக்கடி புரட்டிப் பார்ப்பேன்.

ஏன் ஓரத்தில்? காபி சிந்திக் காய்ந்தால் வட்டமாக நிற்குமே, அதற்கு 1997இல்தான் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டீகனும் கூட்டாளிகளும் தெளிவான விளக்கம் கொடுத்தார்கள். துளியின் விளிம்பு பரப்பைப் பிடித்துக்கொண்டு நகராமல் நிற்கிறது, ஆவியாவது விளிம்பில்தான் வேகம், அங்கே போன நீரை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓடிவருகிறது, வரும்போது துகளையும் கூட்டிக்கொண்டு வருகிறது. தாளில் விஷயம் இன்னும் சிக்கல், ஏனென்றால் நீர் நார்களுக்குள் ஊர்கிறது. ஆனால் ஈரமும் உலர்வும் சந்திக்கிற எல்லையில்தான் எல்லாம் நடக்கிறது என்பது பொது. கரைந்தவை அங்கே போய்ச் சேர்கின்றன, அது போதாது என்று அந்த எல்லையில் தாளின் நாரான செல்லுலோஸே ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அதனால் கண்ணுக்கு எதுவும் தெரியாத பருத்தித் தாளிலும் கோடு இருக்கிறது, புறஊதா விளக்கைப் பிடித்தால் ஒளிர்கிறது.

இதைப் படித்த அன்றே விளக்கு வாங்கினேன். பெட்டி நிறைய இருந்த என் தாள்களின் மேல் அடித்தால் முழுத் தாளும் நீலமாகப் பளீர் என்று எரிகிறது, கோடு எங்கேயும் காணோம். நான் வாங்கி வைத்திருந்த தாளில் வெண்மைக்காக ஒளிர்வூட்டி சேர்த்திருந்தார்கள். மூன்று மாத வேலை குப்பைக்கு. ஒளிர்வூட்டி இல்லாத தாள் தேடிப் பிடித்து மறுபடி முதலிலிருந்து. இந்த மாதிரி நாட்களைப் பற்றிப் படிவத்தில் எழுத எந்தக் கட்டமும் இல்லை.

அந்த இடைப்பட்ட காலத்தில் மற்றவர்கள் தங்கள் தேடலை எப்படி ஓர் அறைக்குக் கொண்டுவந்தார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு தச்சன் இன்னொரு தச்சன் போட்ட மூட்டைப் பார்ப்பது போல. கலைஞர் ஹான்ஸ் ஹாக்கே 1971இல் செய்ததை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் ஒரு குடும்பத்தைச் சுற்றியிருந்த நிறுவனங்களின் கையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட கட்டிடங்களை, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கக்கூடிய அரசுப் பதிவேடுகளிலிருந்தே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் முகப்புப் புகைப்படம், கீழே தட்டச்சில் முகவரி, உரிமையாளர், அடமான விவரம். கருத்துரை ஒரு வரிகூட இல்லை. கூகன்ஹைம் அருங்காட்சியகம் கண்காட்சியையே ரத்து செய்து, அதைத் தொகுத்த எட்வர்ட் ஃப்ரையையும் வேலையை விட்டு அனுப்பியது. வரிசை வரிசையாக ஒரே அளவில் தொங்கும் அந்த முகப்புகளுக்கு முன்னால் நின்றால் எதையும் படிக்காமலேயே அளவு உறைக்கும். அடுக்கிய விதமே பாதி வாதத்தைச் சொல்லிவிடுகிறது.

புகைப்படக் கலைஞர் டாரின் சைமன் இன்னொரு மாதிரி. வம்சாவளிகளைத் தொடர்ந்து நான்கு வருடம் அலைந்து, 2011இல் காட்டிய படைப்பில் ஒவ்வொரு குடும்ப உறுப்பினரையும் ஒரே மாதிரிப் பின்னணியில் எடுத்து வரிசையாக வைத்தார். சிலரைப் படம் எடுக்க முடியவில்லை. அந்த இடங்களைச் சுருக்கி மூடவில்லை, காலிச் சட்டமாகவே விட்டார். கிடைக்காமல் போனதையும் கிடைத்ததோடு ஒரே வரிசையில் மாட்டுவது ஆய்வாளரின் நேர்மை, கண்ணுக்கும் அதுதான் முதலில் படுகிறது.

ஒலியை வைத்து வேலை செய்யும் கலைஞர் லாரன்ஸ் அபு ஹம்தானிடம்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். சிரியாவின் சய்த்னாயா சிறையில் இருந்தவர்களை இருட்டிலும் கண்ணைக் கட்டியும் வைத்திருந்தார்கள், அவர்களிடம் எஞ்சியது கேட்ட ஒலிகளின் நினைவு. அதைக் கேட்டுப் பதிவு செய்யும் விசாரணையில் அவர் பங்கேற்றார். பொதுவான ஒலித்தொகுப்புகள் போதவில்லை. ஒரு கதவு எப்படிச் சாத்தியது என்பதைச் சொல்ல, ஒருவருக்கு ஒரு பொருள், இன்னொருவருக்கு வேறு பொருள் தேவைப்பட்டது. 2018இல் அப்படிப்பட்ட 95 பொருட்களை ஓர் அறையில் வைத்தார். ஏதோ ஒலிப்பதிவுக்கூடத்தின் சாமான் அறை மாதிரி இருக்கும். விசாரணையில் கருவி, கண்காட்சியில் சிற்பம், இரண்டுக்கும் நடுவில் எதையும் மொழிபெயர்க்கவில்லை. அதேபோல, குற்றம் நடந்த இடங்களைக் கட்டிடக்கலை வழியாகத் துப்பறியும் ஃபொரென்சிக் ஆர்க்கிடெக்சர் குழு, ஜெர்மனியின் காசெல் நகரில் 2006இல் ஒரு கொலை நடந்த 77 சதுர மீட்டர் இன்டர்நெட் மையத்தை அதே அளவில் கட்டி, அப்போது உள்ளே இருந்த உளவுத்துறை ஊழியர் எதையும் கேட்கவில்லை, பார்க்கவில்லை என்று சொன்னது சாத்தியமா என்று சோதித்தது. 2017இல் அதே காசெலில் நடந்த டாக்குமென்டா என்ற பெரிய கலைக் கண்காட்சியில் அதைக் காட்டினார்கள்.

இவர்கள் எல்லாரும் செய்ததை ஒரே வாக்கியத்தில் என் நோட்டில் எழுதி வைத்தேன்: கேள்வி கேட்ட பொருளையே அறையில் வை. அதைப் பற்றிய கோப்பை வைக்காதே. கோப்பு வேண்டாம் என்றில்லை. மேசையும் வசதியான நாற்காலியும் போட்டு வையுங்கள், வேண்டியவர் உட்கார்ந்து படிப்பார். நாற்காலி போடாமல் படிக்கச் சொல்கிற கண்காட்சிகள் மேல் எனக்குத் தீராத கடுப்பு. விமர்சகர் கிளேர் பிஷப் 2023இல் இந்த வகைக் கலையின் தகவல் பெருக்கத்தைப் பற்றி எழுதியபோது பலருக்குச் சுருக்கென்றது. எனக்கும்தான், பேழைகளை நினைத்து.

சரி, இரண்டாவது கண்காட்சி. கேள்வி கேட்ட பொருள் எது? நீரும் தாளும். தாள் ஆராய்ச்சி செய்பவர்கள் கோட்டை உண்டாக்க ஒரு சுலபமான வழி வைத்திருக்கிறார்கள்: தாள்பட்டையைத் தொங்கவிட்டு அடிநுனியை நீரில் வைப்பது. நீர் நார்வழியே ஏறுகிறது, ஏறும் வேகமும் ஆவியாகும் வேகமும் சமமாகும் உயரத்தில் நிற்கிறது, அங்கே கோடு விழுகிறது. இதையே பெரிதாக்கினேன். பன்னிரண்டு பருத்தித் தாள்பட்டைகள், கூரையிலிருந்து தொங்கும், அடியில் அறையின் நீளத்துக்கு ஒரு தகரத் தொட்டி. வெளிச்சம் 50 லக்ஸுக்குள், தாளில் செய்த படைப்புகளுக்கு அருங்காட்சியகங்கள் வைக்கும் அளவு. சுவர்க்குறிப்பு அறுபது சொல். அந்த அறுபதுக்கு நானும் கியூரேட்டரும் மூன்று நாள் சண்டை போட்டோம், கடைசியில் அவர் சொன்னதுதான் சரி. 'நினைவு' என்ற சொல் அதில் இல்லை.

விளக்கு வேண்டுமா என்பதில்தான் நான் ரொம்பத் தடுமாறினேன். புறஊதா இல்லாமல் கோடு தெரியாது. புறஊதா பட்டால் தாள் கெடும். முழு நேரமும் எரியவிட்டால் கோட்டைக் காட்டுகிற விளக்கே அதைக் கெடுக்கும், அணைத்தே வைத்தால் பன்னிரண்டு வெள்ளைத் தாளைப் பார்க்க யார் வருவார்கள்? கடைசியில் ஒரு பொத்தான் வைத்தோம். அழுத்தினால் 20 விநாடி எரிந்து அணையும். அந்த 17 விநாடிக் கணக்கிலிருந்து வந்த எண் அது, மூன்று விநாடி என் பேராசை. பொத்தானுக்குப் பக்கத்தில், ஒவ்வொரு முறை எரியும்போதும் தாள் கொஞ்சம் சேதமாகும் என்று மட்டும் எழுதினோம். சிலர் அதைப் படித்துவிட்டு அழுத்தாமலே போனார்கள். ஒரு பையன் விடாமல் ஏழு முறை அழுத்தினான், அவன் அப்பா ஏழு முறையும் கூடவே நின்று பார்த்தார்.

முதல் வாரம் எல்லாப் பட்டைகளிலும் கோடு ஏறிக்கொண்டிருந்தது. இரண்டாம் வாரம் நின்றது, ஆனால் ஒரே உயரத்தில் இல்லை. ஒரு கோடியில் முழங்கால் உயரத்துக்குப் போகவில்லை, மறு கோடியில் அதைத் தாண்டி ஒரு சாண் மேலே. எல்லாம் ஒரே தாள், ஒரே தொட்டி, ஒரே தண்ணீர். தாளை வெட்டும்போது நார்த்திசையை மாற்றிவிட்டேனோ என்று பயந்துபோய் மீதித் துண்டுகளை எடுத்துப் பார்த்தேன், சரியாகத்தான் வெட்டியிருந்தேன். அப்புறம் ஏசியின் காற்று என்று தோன்றியது, ஆனால் எந்தப் பக்கம்? காற்று நீரை இழுக்கும், அதனால் உயரமான பக்கத்தில்தான் காற்றுத்துளை இருக்க வேண்டும் என்று முடிவே கட்டிவிட்டேன். இரண்டு நாள் கழித்து நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது தலைகீழாக வந்தது. காற்று அடித்தால் ஆவியாவது வேகமாகும், வேகமாக ஆனால் நீர் சீக்கிரமே சமன்பட்டுத் தாழ்வாகவே நின்றுவிடும். குட்டையான பக்கம்தான் காற்றுப் பக்கம்.

கூட்டம் நிறைய வந்த ஒரு சனிக்கிழமைக்குப் பிறகு சில பட்டைகளில் பெரிய கோட்டுக்குச் சற்று மேலே மெல்லிய இரண்டாவது கோடு வந்திருந்தது. அத்தனை பேரின் மூச்சில் அறையின் ஈரப்பதம் ஏறியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். சரிபார்க்க ஈரமானி வைத்திருக்கவில்லை, அடுத்த முறை வைப்பேன். ஸ்டுடியோவில் ஒற்றையாளாக இருந்து நான் எத்தனை வருடம் சொட்டு விட்டாலும் அந்த இரண்டாவது கோடு வந்திருக்காது. கண்காட்சி என்பது ஆய்வு முடிந்த பிறகு முடிவைக் காட்டுகிற இடம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

கடைசி நாள், இறக்குவதற்கு முன்னால், எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுப் பொத்தானை ஒரு முறை அழுத்தினோம். பன்னிரண்டு கோடுகளும் சேர்ந்து ஒரு சரிவாக, அறையின் ஒரு மூலையை நோக்கி இறங்கின. அந்த மூலையைக் காட்டி, மேலே பொய்க்கூரைக்குப் பின்னால் காற்றுத்துளை இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் இந்தத் தாள்கள் காட்டிக்கொடுத்துவிட்டன என்று காவலுக்கு இருந்த அண்ணனிடம் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த மூலை குளிரும் தம்பி, அதான் நான் நாற்காலியை இந்தக் கோடியில போட்டிருக்கேன்" என்றார்.